சாவான பாவமும் அற்பப் பாவமும்

நம் இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் கவிஞர் ஒருவர் தம் கவிதையைப் படித்து அமர்ந்தார். பொய் சொன்னவனையும் கொலை செய்தவனையும் ஒரே தராசில் நிறுத்திக் காட்டிய கவிதை அது. “கிறித்தவத்தில் எல்லாப் பாவமும் ஒன்றுதானே?” என்று அவையிலிருந்து ஒருவர் வினவினார். “எங்கள் கோயிலில் அப்படிக் கற்பிக்கவில்லையே” என்றார் கத்தோலிக்க நண்பர் ஒருவர். “எங்கள் சபையில் அப்படித்தான் சொல்லக் கேட்டிருக்கிறேன்” என்றார் மற்றொருவர். நேரம் கடந்துவிட்டமையால் விவாதம் தேநீரோடு நின்றது. பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டுமென அன்பர்கள் கேட்டபோது, அன்று பாதியில் நின்ற அவ்வினாவே என் நினைவுக்கு வந்தது.

இவ்வினாவை ஆராய வேலூரைப் போலப் பொருத்தமான இடம் அரிது. 2019ஆம் ஆண்டில் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தில் மூன்று கிறித்தவ மரபுகள் அருகருகே வாழ்கின்றன. ஒன்று கத்தோலிக்க மரபு. 1952ஆம் ஆண்டில் வேலூர் தனி மறைமாவட்டமாயிற்று. மற்றொன்று அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் மரபு; 1853ஆம் ஆண்டில் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் நிறுவிய ஆர்க்காடு மிஷன் வழியாக வந்து, இன்று தென்னிந்தியத் திருச்சபைக்குள் அடங்கியிருப்பது. மூன்றாவது லுத்தரன் மரபு. 1895ஆம் ஆண்டில் அமெரிக்க மிசோரி லுத்தரன் சபையினர் கிருஷ்ணகிரியில் தொடங்கிய பணி ஆம்பூருக்கும் பரவியது. எந்தப் பாவம் பெரிது என்ற ஒரே வினாவுக்கு இம்மூன்று மரபுகளும் மூன்று வகையாக விடை கூறுகின்றன. அவ்விடைகள் எவை, அவை தமிழ் மண்ணில் நடைமுறையில் எவ்வாறு சோதிக்கப்பட்டன என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

முன்பே இருந்த தராசு

பாவங்களைத் தரம் பிரிக்கும் வழக்கத்தைத் தமிழர்க்குக் கிறித்தவம் கற்றுத் தரவில்லை. அறங்களை வரிசைப்படுத்துமிடத்து வள்ளுவர் கொல்லாமையை முதலிலும் பொய்யாமையை அதற்கு அடுத்தும் வைத்தார். புறநானூற்றில் ஆலத்தூர் கிழார் பாடிய பாட்டொன்று, ஆவின் மடியை அறுத்தல், கருவை அழித்தல் ஆகிய கொடுஞ்செயல்களுக்கும் கழுவாய் உண்டென்று கூறி, செய்ந்நன்றியைக் கொன்றவர்க்கு மட்டும் அஃது இல்லையென்று முடிக்கிறது. வள்ளுவரும் அம்முடிவுக்கே வருகிறார். பஞ்சமாபாதகம் என்னும் சொல் இன்றும் மக்கள் வாயில் வழங்குகிறது.

‘பாவம்’ என்ற சொல்லும் கருதத்தக்கது. பிழை செய்தவனைச் சுட்டும் அதே சொல்லால் துன்புறுபவனைக் கண்டு இரங்குகிறோம். குற்றமும் இரக்கமும் ஒரே சொல்லில் கலந்து நிற்கும் ஒரு மொழிக்குள்தான் மேனாட்டுக் குருமார் தம் தராசைக் கொண்டுவந்தனர்.

வேதமும் தொடக்கத் திருச்சபையும்

புதிய ஏற்பாட்டில் இருவகைக் குரல்கள் கேட்கின்றன. ஒரு கட்டளையில் தவறியவன் முழுச் சட்டத்துக்கும் குற்றவாளி என்கிறது யாக்கோபின் நிருபம். சினத்தைக் கொலையோடும் இச்சை நிறைந்த பார்வையை விபசாரத்தோடும் சேர்த்துப் பேசுகிறது மலைப்பொழிவு. எல்லாப் பாவமும் ஒன்றே என்பவர்க்கு இவை துணை நிற்கின்றன. ஆயின், தம்மைப் பிலாத்துவிடம் ஒப்புவித்தவனுக்கே மிகுந்த பாவம் உண்டென்று இயேசு சொன்னதாக யோவான் எழுதுகிறார். தலைவனின் மனம் அறிந்தும் தவறிய ஊழியனுக்கு மிகுதியான அடி, அறியாது தவறியவனுக்குக் குறைவான அடி என்கிறது லூக்காவில் வரும் உவமை. புதினாவிலும் சீரகத்திலும் பத்திலொரு பங்கு கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை மத்தேயு நற்செய்தி கடுமையாகச் சாடுகிறது. சாவுக்குக் கொண்டுசெல்லும் பாவம், அவ்வாறு அல்லாத பாவம் என்னும் பிரிவு யோவானின் முதல் நிருபத்தில் வெளிப்படையாகவே காணப்படுகிறது.

தொடக்க நூற்றாண்டுகளில் கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு ஆகிய மூன்றும் கொடிய பாவங்களாகக் கருதப்பட்டன. அவற்றைச் செய்தவர் சபையார் அனைவரும் காணத் தவக்கோலம் பூண்டு நெடுங்காலம் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. எல்லாக் குற்றமும் சமம் என்ற கருத்து உண்மையில் கிரேக்க ஸ்டோயிக் அறிஞர்களுடையது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜோவீனியன் என்பவர் அதையொத்த கருத்தைச் சொன்னபோது எரோணிமுசு அவரை மறுத்து நூல் எழுதினார். யாக்கோபின் அந்த வசனத்துக்கு என்ன பொருள் என்று அகுஸ்தீன் 415ஆம் ஆண்டில் எரோணிமுசுக்கு ஒரு நீண்ட கடிதமே வரைந்தார். பாவங்கள் சமம் என்ற ஸ்டோயிக் கொள்கையை அதில் அவர் ஏற்கவில்லை.

பின்னர் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவியர் இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் நோன்பு என்று பட்டியலிட்ட கைந்நூல்களை எழுதினர். சபையின் முன் நிகழ்ந்த தவம் குருவின் காதோடு பேசும் தனிச் செயலாக மாறத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. சாவான பாவங்களை வகையும் எண்ணும் கூறி அறிக்கையிட வேண்டும், அற்பப் பாவங்களை அறிக்கையிடுதல் நன்று, ஆனால் கட்டாயமன்று என்று 1551ஆம் ஆண்டில் திரெந்து பொதுச்சங்கம் வரையறுத்தது.

தமிழில் அச்சேறிய தராசு

திரெந்து சங்கம் அவ்வாறு தீர்மானித்த ஒரு தலைமுறைக்குள் அத்தராசு தமிழில் அச்சேறியது. முத்துக்குளித்துறையில் பரதவ மக்கள் 1530களில் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். 1542ஆம் ஆண்டில் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் புதிது. அவருக்குப் பின் அக்கரையில் பல்லாண்டு உழைத்த அன்ரிக்கே அன்ரிக்கஸ் அடிகளார் தமிழைக் கற்றுத் தேர்ந்தார். 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் ஆக்கியதே. அதனை அடுத்து 1579ஆம் ஆண்டில் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. 1580ஆம் ஆண்டில், பாவசங்கீர்த்தனத்துக்கெனவே ‘கொம்பெசியொனாயரு’ என்னும் நூலை அவர் அச்சிட்டார். தமிழ் அச்சுக் கலையின் மூன்றாம் ஆண்டிலேயே பாவத்தை எவ்வாறு எண்ணி அறிக்கையிடுவது என்பதற்கு ஒரு கைந்நூல் தேவைப்பட்டது என்பது நம் சிந்தனைக்குரியது.

இந்த மரபிலிருந்து வந்த சொற்கள் இரு தலைமுறைகளுக்கு முன்புவரை நம் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அன்றாடம் புழங்கின. சென்மப் பாவம், கர்மப் பாவம், சாவான பாவம், அற்பப் பாவம், தலையான பாவங்கள் ஏழு, உத்தம மனஸ்தாபம், உத்தரிக்கிற ஸ்தலம் என்று அவற்றைச் சிறுவர் மனப்பாடம் செய்தனர். ஒரு பாவம் சாவானதாவதற்கு மூன்று வேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவமன்று. செயலை மட்டும் பாராமல் செய்தவனின் அறிவையும் மனத்தையும் கணக்கிலெடுக்கும் நுட்பமான தராசு இது. ஏழை எளியவருக்கு இரக்கம் காட்டும் தராசு என்றும் சொல்லலாம்.

சீர்திருத்தச் சபைகளின் விடை

1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லுத்தரின் மரபைக் கொண்டுவந்தார். அம்மரபு பாவ அறிக்கையை ஒழித்துவிட்டது என்று பலர் எண்ணுவது தவறு. 1530ஆம் ஆண்டின் ஆக்சுபர்க் விசுவாச அறிக்கை தனிப்பட்ட பாவமன்னிப்பைப் போற்றிக் காக்கிறது. எல்லாப் பாவங்களையும் ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்ல வேண்டிய கட்டாயத்தை மட்டுமே நீக்குகிறது. லுத்தரன் இறையியலாரும் சாவான பாவம், மன்னிக்கத்தக்க பாவம் என்று பிரிப்பதுண்டு. ஆனால் செயலின் கனத்தால் அல்ல, விசுவாசத்தை வெளியேற்றுவது சாவானது, விசுவாசத்தோடு போராடித் தோற்பது மன்னிக்கத்தக்கது என்று அதற்குப் பொருள் கூறுவர்.

கால்வினின் மரபு வேறொரு வழியில் சென்றது. தன் இயல்பால் அற்பமான பாவம் என ஒன்றுமில்லை, எல்லாமே சாவுக்குரியவை, இறைவனின் இரக்கத்தால்தான் விசுவாசியின் பாவம் மன்னிப்புக்குரியதாகிறது என்பது அவர் கொள்கை. அதனால் எல்லாம் சமம் என்று அம்மரபும் சொல்லவில்லை. 1640களில் இங்கிலாந்தில் கூடிய வெஸ்ட்மின்ஸ்டர் சபை இயற்றிய பெரிய வினாவிடை, சில பாவங்கள் மற்றவற்றைவிடக் கொடியவை என்று கூறி, செய்தவர் யார், யாருக்கு எதிராகச் செய்தார், எக்காலத்தில், எவ்விடத்தில் என்பவற்றால் கனம் கூடும் வகைகளை விரிவாகப் பட்டியலிடுகிறது.

ஆகவே அன்று கூட்டத்தில் எழுந்த வினாவுக்கு விடை இதுவாகும். எந்தப் பாவமும் இறைவன்முன் அற்பமன்று என்பதைச் சீர்திருத்த மரபு அழுத்திச் சொன்னது. அவ்வழுத்தமே நாளடைவில் ‘எல்லாப் பாவமும் ஒன்றே’ என்று மக்கள் வழக்கில் சுருங்கியது. பாவங்களுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதில் மூன்று மரபுகளுக்கும் உடன்பாடே. கனத்தை எதைக்கொண்டு அளப்பது என்பதில்தான் வேறுபாடு.

சாதி எந்தத் தட்டில்?

ஏட்டில் உள்ள தராசு வேறு. ஊரில் நிறுக்கும் தராசு வேறு. தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் இவ்விரண்டையும் உரைத்துப் பார்த்த உரைகல் சாதியே.

தரங்கம்பாடி, தஞ்சைச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் இருந்தன. தொடக்ககால மிஷனரிமார் அதனைப் பொறுத்துக்கொண்டனர். 1833ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபைக்குள் உடனடியாகவும் முற்றிலுமாகவும் விட்டுவிட வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினர். பெரும்புலவரான வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடி எழுதினார் என்பது கவிஞர்களாகிய நாம் வருத்தத்தோடு நினைக்கவேண்டிய செய்தி. லைப்சிக் மிஷனின் இயக்குநராயிருந்த காரல் கிரௌல் சாதியை ஒரு சமூக வழக்கமாகவே கண்டார். அதனைப் பொறுமையோடு காலப்போக்கில் திருத்த வேண்டும் என்பது அவர் நிலை. திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த அறிஞர் அவர். பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று என்னும் குறட்கருத்தை அறியாதவரல்லர். ஆயினும் சாதியைச் சபையைவிட்டு நீக்குதற்குரிய பாவமாக அவர் கொள்ளவில்லை.

இதற்கு மாறாக 1850ஆம் ஆண்டில் கூடிய சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்குச் சான்றாக எல்லோருடனும் உண்ண மறுப்பவரைச் சபையில் சேர்க்கலாகாது என்று தீர்மானித்தது. மூன்றாண்டு கழித்துத் தோன்றிய ஆர்க்காடு மிஷனும் இக்கடுமையான வழியையே மேற்கொண்டது. எந்தப் பாவமும் சிறிதன்று என்ற மரபிலிருந்து வந்தவர்கள், ஒரு பாவத்தை மட்டும் தனியே எடுத்து, இதை விட்டால்தான் திருவிருந்து என்று வாசலில் நிறுத்தினர். அற்பம், சாவான என்ற சொற்களை அவர்கள் ஆளவில்லை. ஆனால் செயலால் சாதியைச் சாவான பாவமாக்கினர் எனலாம்.

மறுபுறம் தெற்கே நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், 1872ஆம் ஆண்டில் எழுந்த கத்தோலிக்கக் கோயில் சாதிக்கொரு கையாகப் பிரிந்திருந்தது. நடுவே சுவர். கால்சட்டைக் கோயில் என்று மக்கள் அதை அழைத்தனர். 1910ஆம் ஆண்டில் தடுப்பு அகற்றப்பட்டபோது மேல்சாதியார் எனப்பட்டோர் வழக்காடினர். தனி இடத்துக்கு அவர்க்கு உரிமையில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 1916ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அக்கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை வேண்டுமென்றே தவறவிட்டது சாவான பாவம். அதை அவர் மறவாமல் அறிக்கையிட்டிருப்பார். பூசை காணத் தமக்கென்று ஒரு சுவரை வைத்துக்கொண்டதை அறிக்கையிட வேண்டுமென்று அவருக்குத் தோன்றியிராது. அது அவர் தனியே செய்த பாவமன்று. ஊர் கூடிச் செய்தது. ஊர் கூடிச் செய்வதை எந்த வினாப்பட்டியலும் அவரிடம் கேட்கவில்லை.

சீர்திருத்தச் சபைகளும் வென்றுவிடவில்லை. வாசலில் தடுக்கப்பட்ட சாதி திருமணத்தின் வழியாகவும் கல்லறைத் தோட்டத்தின் வழியாகவும் மீண்டும் உள்ளே வந்தது. வெளிநாட்டிலும் இதே கதைதான். ஆர்க்காடு மிஷன் தோன்றிய நான்காம் ஆண்டில், 1857இல், அதே கால்வினிய மரபைச் சேர்ந்த தென்னாப்பிரிக்க டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் பேரவை, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு நிறத்தவர்க்குத் தனி வழிபாட்டை அனுமதித்தது. ‘பலவீனம்’ என்பதே அங்கு நிறவெறிக்கு வைக்கப்பட்ட பெயர். சாவான பாவத்துக்கு அற்பப் பெயர் சூட்டுவது எத்துணை எளிது! அவ்வனுமதி வளர்ந்து என்னவாயிற்று என்பதை உலகம் அறியும். 1982ஆம் ஆண்டில் உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு நிறவொதுக்கலைப் பாவமென்றும், அதற்கு இறையியல் நியாயம் கற்பிப்பதைத் திரிபுக்கொள்கையென்றும் அறிவித்தது. அதே 1982ஆம் ஆண்டில் திருச்சியில் கூடிய இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, கிறித்தவத்தில் சாதிக்கு இடமில்லை என்று அறிவித்தது. 2003ஆம் ஆண்டு நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதி மனப்பான்மையைக் கண்டித்துப் பேசினார். வடக்கன்குளத்தில் தடுப்பு அகன்று ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும் அவ்வாறு சொல்லவேண்டிய தேவை இருந்தது.

துளியும் ஆறும்

1984ஆம் ஆண்டில் அதே திருத்தந்தை விடுத்த ‘ஒப்புரவும் தவமும்’ என்னும் ஊக்கவுரை, சாவான பாவம், அற்பப் பாவம் என்ற பழைய பிரிவை உறுதிப்படுத்தியது. கூடவே ‘சமூகப் பாவம்’ என்பதையும் விளக்கியது. பலருடைய தனிப் பாவங்கள் சேர்ந்து இறுகியதே சமூகப் பாவம். செய்தவன் மட்டுமல்லன், தடுக்கக்கூடியவனாயிருந்தும் அச்சத்தாலோ சோம்பலாலோ பார்த்துக்கொண்டிருந்தவனும் அதில் பங்காளி என்பது அதன் கருத்து.

இது வேலூர்க்காரர்க்கு உரை வேண்டாத செய்தி. அற்பப் பாவங்களை அலட்சியம் செய்யாதீர் என்று சொல்ல வந்த அகுஸ்தீன், துளிகள் சேர்ந்து ஆறு நிறைவதை உவமை காட்டினார். நம் பாலாறு அவ்வாறுதான் நிறைந்தது, தண்ணீரால் அன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்ட கழிவு, ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் சிறிது சிறிதாகவே வெளியேறியது. தன் ஒரு தொட்டியால் ஆறு கெட்டது என்று எவரும் எண்ணவில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிருந்த செய்தி அதில் இடம்பெற்றது. கெடுத்தவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது; ஒவ்வொரு தோல் தொழிற்கூடத்துக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது. முதலாளியும் தொழிலாளியும் வணிகரும் பல சமயத்தவர்; அத்தோலாலான காலணியை அணிந்தவர் பல நாட்டவர். குறைகூற ஓர் ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார். அறிக்கையிட ஒருவரும் வாரார். ஆனால் கிணறு உவர்த்தது உண்மை. தென்னை பட்டது உண்மை.

பாவங்களில் பெரிது சிறிது உண்டா என்று கேட்டால், உண்டு என்றே கிறித்தவ வரலாறு விடை கூறுகிறது. அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடமோ அதற்கு அப்பாற்பட்டது. மனிதன் தன் தராசில் தன் தனிக்குற்றங்களையே நிறுக்கப் பழகியிருக்கிறான். பலர் கூடி, பல தலைமுறையாக, பழக்கம் என்ற பெயரில் செய்வது அத்தராசுக்குள் அடங்குவதில்லை. அதனாலேயே அது மிகக் கனமானது. வடக்கன்குளத்துச் சுவரும் பாலாற்றுக் கழிவும் இதற்குச் சான்று. முழு அறிவும் முழுச் சம்மதமும் இருந்தால்தான் சாவான பாவம் என்ற பழைய விதி இரக்கமுள்ள விதிதான். ஆனால் அறியாதிருக்க விரும்புகிறவனும் அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறான்.

பட்டியலில் இல்லாத பாவத்துக்குப் பெயர் வைப்பது முதலில் சொல்லின் வேலை. அது பேராயரின் சுற்றறிக்கையாக வரலாம். நீதிமன்றத் தீர்ப்பாக வரலாம். ஒரு கவிதையாகவும் வரலாம். வேதநாயக சாஸ்திரியாரின் பெருந்தமிழ் அவ்விடத்தில் தவறியது என்பதை மறவாதிருப்போம். நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் எழுதப்போகும் கவிதைகளுள் ஒன்றேனும் அத்தகைய பெயரொன்றைக் கண்டுபிடிக்குமாயின், அன்று தேநீரோடு நின்ற விவாதம் வீண்போகவில்லை என்று மகிழலாம். ‘பாவம்’ என்று சொல்லும்போது அச்சொல்லில் குற்றமும் இரக்கமும் சேர்ந்தே ஒலிக்கும்படி நம் தாய்மொழி நமக்கு முன்னரே வகைசெய்து வைத்திருக்கிறது.